வால் மட்டும் ஓடியது

பண்ணைக்காரனின் பெண்டாட்டி சைக்கிளைச் சாய்த்து நிறுத்தும்போதே கொட்டகையில் கத்தி தீட்டும் சத்தம் கேட்டது. சைக்கிளை விட்டுவிட்டு ஓடினாள். உள்ளே நாலு காலும் கட்டுண்டு கிடந்தது வெள்ளச்சி, கடைசிப் பசு. சினை பிடிக்கவில்லை என்று மற்றதையெல்லாம் அவள் புருஷன் ஒன்றன்பின் ஒன்றாக அதே தரையில் அறுத்துத் தள்ளியிருந்தான். சினைக்கு விடும் பொலிகாளையை மட்டும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அதற்குப் பெயரே 'மாப்பிள்ளை', கவனிப்பும் அப்படித்தான்.

"நிறுத்துங்க! மாப்பிள்ளையோட விந்த மாட்டு டாக்டரம்மாகிட்ட இப்பத்தான் காட்டிட்டு வரேன். கோளாறு அதுக்குத்தான்."

"வாயக் கிழிச்சிருவேன்! என் தம்பி மைக்ராஸ்கோப்புல பாக்காததையா அவ பாத்துட்டா? எறும்புப் புத்தக் கிளறுன மாதிரி துள்ளுதுடி!"

மூலையில் மைக்ராஸ்கோப் மேசையருகே நின்ற கொழுந்தன் தலையாட்டினான். அவன் கண்டதெல்லாம் துள்ளல்தான். வடிவம் தெரியச் சாயம் போட்டுப் பார்க்க அந்த மேதைக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"துள்ளுறது விந்தணுவோட வெறும் வாலுங்க. தலை தனியாக் கழண்டு கிடக்கு. பிறவிக் கோளாறாம். தலையில்லாம எப்படிச் சினை பிடிக்கும்?"

மாடு ஓட்டும் தடி அவள் தோளில் இறங்கியது. அடுத்த அடி நெற்றியில். கண்ணில் ரத்தம் வழிய, டாக்டரம்மா சாயம் போட்டுக் கொடுத்த கண்ணாடித் துண்டைக் கொழுந்தனிடம் நீட்டினாள். அவன் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே... அண்ணி சொல்றது நெசம்தான்."

பண்ணைக்காரனுக்குக் கண்மண் தெரியவில்லை. சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு காளையின் கம்பித் தடுப்புக்குள் பாய்ந்தான். பின்னால் கதவு தானாக அடித்துச் சாத்திக்கொள்ள, வெளிப்பக்கக் கொண்டி விழுந்தது.

"என்னையே ஏமாத்திட்டியேடா!"

முதல் அடியில் ஒரு கொம்பு முறிந்து தொங்கியது. இரண்டாவது அடிக்கு மாப்பிள்ளை இடம் கொடுக்கவில்லை. அவனைச் சுவரோடு வைத்து முட்டியது. எலும்பு நொறுங்கும் சத்தம் வெளியே கேட்டது.

கொழுந்தன் அதற்குள் பரண்மேல் ஏறியிருந்தான். "அண்ணி, கதவத் திறங்க! அது வெளிய வந்தாத்தான் அண்ணன் பிழைப்பாரு!"

கொண்டி அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. திறந்தால் வெறிபிடித்த காளை நேராக வருவது வெள்ளச்சிமேல். எழுந்து ஓட அதற்குக் கால் ஏது? அவள் தரையில் உட்கார்ந்து பசுவின் கால்கயிற்றில் கைவைத்தாள். புருஷன் போட்ட முடிச்சு, இறுகிக் கிடந்தது. விரலெல்லாம் அவள் ரத்தத்திலேயே வழுக்கியது.

"அண்ணி! காது கேக்கலையா?"

கேட்டது. உள்ளேயிருந்து புருஷன் அவளைக் கூப்பிட்டதும் கேட்டது. பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் அவள் அவசரப்படவில்லை. நாலு காலையும் அவிழ்த்து, வெள்ளச்சியை எழுப்பி, வாசல் தாண்டி வெளியே ஓட்டிவிட்டாள்.

பிறகு திரும்பி வந்து கொண்டியைத் தூக்கினாள். அப்போது உள்ளே மாப்பிள்ளையின் மூச்சு மட்டும் கேட்டது.