பஸ் ஓடாத சாலை

ஊரடங்கு வந்து, பணிமனையில் பஸ்களை வரிசையாக நிறுத்திப் பூட்டிய பிறகு ஓட்டுநருக்குக் கால்கள் சும்மா இருக்கவில்லை. காலையில் கொஞ்ச நேரம் நடக்க அனுமதி இருந்தது. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, தான் தினமும் பஸ் ஓட்டிய சாலையிலேயே நடந்தார். இத்தனை வருடத்தில் அந்தச் சாலையில் அவர் பார்த்ததெல்லாம் முன்னால் போகிற வண்டி, குறுக்கே வருகிற ஆள், சிக்னல். கட்டடங்களுக்கு மாடி இருப்பதே இப்போதுதான் கண்ணில் பட்டது. உதிர்ந்த சுண்ணாம்பு, தண்ணீர்க்குழாயைப் பற்றி ஏறிய கொடி, ஜன்னல் கம்பியில் காயும் ஒற்றைக் காலுறை. செல்போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

"சுவரையா எடுத்துட்டு வர்றீங்க? ஏன், நம்ம வீட்ல சுவர் இல்லையா?" என்றாள் மனைவி.

படங்களை மகளுக்கு அனுப்புவார். மகள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தொற்று வார்டில் வேலை என்பதால் அங்கேயே விடுதியில் தங்கிவிட்டாள். போன் செய்தால் எடுக்க நேரமிருக்காது. படத்தைப் பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் விழும். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். அவள் அங்கே அல்லாடிக்கொண்டிருக்க, தான் இங்கே வெயில் விழும் கோணத்துக்காக ஒரு மதில் பக்கத்தில் காத்து நிற்பது அவருக்கே கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, நேத்து அனுப்புன படத்துல ஒரு தையல் கடை இருந்துச்சே, அந்தக் கடைக்காரர் என் வார்டுலதான் இருக்கார். தூக்கம் வராதவங்களுக்கு உங்க படத்தையெல்லாம் காட்டுவேன். இவர் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துட்டார்."

"அப்படியா! என்ன சொன்னார்?"

"கடைக்கு மேலதான் வீடாம். தனி ஆள். பால்கனியில ஒரு எலுமிச்சைச் செடி வெச்சிருக்காராம். அது உயிரோட இருக்கான்னு பார்த்துச் சொல்லச் சொன்னார். ரொம்பப் பேச முடியலப்பா அவரால."

மறுநாள் நேராக அங்கே போனார். மேலே பால்கனித் தொட்டியில் செடி நின்றது. இலைகள் சுருண்டு பழுப்பேறியிருந்தன. பாதி கீழே உதிர்ந்து கிடந்தன. செல்போனை உயர்த்தியவர் இறக்கிவிட்டார். அடுத்த தெருவில் ஒரு வீட்டு வாசலில் பசேலென்று எலுமிச்சை நிற்பது நினைவுக்கு வந்தது. நெருக்கமாக எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டடி நடந்துகூடப் போனார். பிறகு என்னவோ போல் இருக்கவே திரும்பி வந்தார்.

பக்கத்து பால்கனியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்தச் செடிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்த முடியுமா?"

"அவரைத்தான் ஆம்புலன்ஸ்ல கொண்டுபோயிட்டாங்களே! நீங்க யாரு, சொந்தமா?"

"பஸ் டிரைவர்" என்றார்.

"பஸ்ஸே ஓடலயே!" என்று அவள் சிரித்துவிட்டாள். உள்ளே போய் ஒரு குவளைத் தண்ணீரோடு வந்தாள். கம்பிக்கு வெளியே எக்கிக் கையை நீட்டி வீசினாள். பாதித் தண்ணீர் தொட்டியில் விழுந்தது, மீதி இவர் தலையில். அவள் வீசும்போதே அந்தக் கையையும், காற்றில் நின்ற தண்ணீரையும், வாடிய செடியையும் சேர்த்து எடுத்திருந்தார். அதை அப்படியே அனுப்பினார். "இன்னும் இருக்கு. தண்ணி ஊத்துறாங்க" என்று மட்டும் எழுதினார்.

நீலக் கோடுகள் விழுந்தன. பதில் இல்லை. அவர் தினமும் போனார். அவரைக் கண்டால் அந்தப் பெண் தானே குவளையை எடுத்து வந்தாள். தண்டில் பச்சை இருக்கிறதா என்று கீழிருந்து தெரியவில்லை. தையல்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டு மகளுக்கு எழுதுவார், அனுப்பாமல் அழித்துவிடுவார்.

பிறகு ஒரு காலை, அவர் செருப்பை மாட்டும்போது மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. அவள் எடுத்து அனுப்பிய முதல் படம். எழுத்து எதுவும் இல்லை, தையல்காரரைப் பற்றியும். விடுதி ஜன்னல் வழியாக, ஆளில்லாத வண்டி நிறுத்துமிடம். அதன் நடுவே ஒரு நாய், தன்னைவிட நீண்ட நிழலோடு, அவசரமில்லாமல் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அவர் விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார். ஜன்னல் கண்ணாடியில், போனைப் பிடித்திருந்த அவளுடைய இரண்டு கைகள் மங்கலாகத் தெரிந்தன.