ஜெராக்ஸ் கடைச் சனிக்கிழமைகள்

பொம்மிடியிலிருந்து மொரப்பூர் திரும்பும் ரயிலில்தான் சுகுணா அதைக் கவனித்தாள். மகள் கலைமதியின் ஆள்காட்டி விரலில் ஒரு பிளாஸ்திரி. காலையில் அது இல்லை.

“என்னாச்சு கண்ணு?”

கலைமதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, யாரோ ஓர் ஆணின் தொனியை அப்படியே பிடித்துச் சொன்னாள்: “ஒண்ணுமில்ல பாப்பா. வூட்ல சொல்ல வேணாம்.”

சுகுணா மகளின் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

கலைமதிக்கு இருபத்தொரு வயது. நான்கு வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். சொந்தமாகப் பேசுவது அவளுக்கு அரிது. காதில் விழுந்ததை விழுந்த குரலிலேயே திருப்பிச் சொல்வாள். அப்படியென்றால் யாரோ ஒருவன் அவளிடம் இதைச் சொல்லியிருக்கிறான்.

முன்பு ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்திருந்தபோது முழங்கையில் காயத்தோடு நின்றாள். கேட்டதற்கு, “அதுவே இடிச்சிக்கிச்சுங்க” என்றார்கள். சுகுணா நம்பினாள். மூன்றாவது காயத்தைப் பார்த்த பிறகுதான் அழைத்து வந்தாள். அதன்பின் எட்டு வருடம் மகளை எங்கும் தனியாக விடவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் சுசித்ரா பொம்மிடியில் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியபோதும் மூன்று மாதம் யோசித்தாள். வரிசையில் நிற்பது, கடையில் கேட்டு வாங்குவது, தெரிந்தவரைப் பார்த்தால் வணக்கம் சொல்வது என்று ஏழு பேருக்கு அங்கே பழக்கினார்கள். ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டு அனுப்பியதற்கு இந்தப் பிளாஸ்திரி.

அன்றே சுசித்ராவுக்குப் போன் செய்தாள். “கடைப் பயிற்சிக்குப் பொண்ண எங்க கூட்டிட்டுப் போறீங்க மேடம்?”

“ஸ்டேஷன் ரோட்டுல ஜெராக்ஸ் கடைங்க. தீர்த்தகிரி அண்ணன் தங்கமான மனுசன். கலைக்கு அந்தக் கடை ரொம்பப் புடிச்சிருக்கு. ஒரு மணி நேரம் உக்காருது.”

“நீங்க கூடவே இருக்கீங்களா?”

“எங்க வாலண்டியர் கொண்டு விட்டுட்டு, அப்புறம் போயிக் கூட்டிட்டு வருவாங்க.”

பெங்களூரில் வேலை பார்க்கும் கணவன் சிவக்குமாரிடம் சுகுணா எதுவும் சொல்லவில்லை. சொன்னால் உடனே நிறுத்திவிடு என்பான். நிறுத்துவது பெரிதில்லை. அந்த ஆள் யார் என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மகளை வகுப்பில் விட்டாள். ரயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஜெராக்ஸ் கடைக்கு எதிரே இருந்த பேக்கரியில் போய் உட்கார்ந்தாள். பதினொரு மணிக்குக் கலைமதி வந்தாள். கொண்டு வந்த பெண் வாசலோடு திரும்பிப் போனாள்.

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். மெஷினிலிருந்து விழுந்த தாள்களை அவர் நீட்ட, கலைமதி ஓரங்களைத் தட்டிச் சமமாக்கி வரிசைப்படுத்தினாள். ஒரு தாள் தலைகீழாக இருந்தாலும் எடுத்துத் திருப்பினாள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். சுகுணா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. அந்த ஆளின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை அவர் குனிந்து மகளிடம் ஏதோ சொன்னார். வாயசைவு புரியவில்லை.

கூட்டம் ஓய்ந்தது. அவர் வெளியே வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டு உள்ளே போனார்.

சுகுணா டீயை அப்படியே வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து ஓடினாள். பைக் ஒன்று சடன் பிரேக் போட்டது. ஷட்டருக்கடியில் குனிந்து உள்ளே நுழைந்தாள்.

கலைமதி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடியிருந்த கைகளை அப்போதுதான் எடுத்துக்கொண்டிருந்தாள். தீர்த்தகிரி மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“ஷட்டர எதுக்கு எறக்குனீங்க?”

“வெயில் பாப்பா மூஞ்சில அடிக்குதுங்க. அதுக்கு ஆகறதில்ல. நீங்க...?”

“இவ அம்மா. வூட்ல சொல்ல வேணாம்னு எம்பொண்ணுகிட்டச் சொன்னது நீங்களா?”

“ஆமாங்க. ஸ்டேப்ளர் பின்னு வெரல்ல ஏறிடுச்சு. நாந்தான் எடுத்து மருந்து போட்டேன். தெரிஞ்சா அனுப்ப மாட்டீங்களேன்னு...”

“நாளைக்கு வேற எவனாவது இதையே சொல்லுவான். இவளும் வாயத் தெறக்க மாட்டா. அதுக்குப் பழக்கி வுடறீங்களா?”

தீர்த்தகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். “அப்படி நான் நெனச்சுப் பாக்கலீங்க. பெரிய தப்பு.” பிறகு கலைமதியின் பக்கம் திரும்பினார். “பாப்பா, நான் சொன்னது தப்பு. எதுவா இருந்தாலும் அம்மாகிட்டச் சொல்லிடணும்.”

கலைமதி அடுத்த தாளுக்காகக் கையை நீட்டினாள்.

சுகுணா மகளை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். மகளின் கை நீண்டபடியே இருந்தது. அதனால் அவளும் அங்கேயே நின்றாள். தனியாக விட்டதற்குச் சுசித்ராவையும் ஒரு பிடி பிடித்தாள். அடுத்த வாரத்திலிருந்து வாலண்டியர் கடையிலேயே இருந்தாள். யாராவது மறைக்கச் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று வகுப்பில் ஏழு பேருக்கும் நடித்துக் காட்டிப் பழக்கினார்கள். அதெல்லாம் போதவில்லை. ஐந்து சனிக்கிழமை சுகுணாவும் கடையிலேயே உட்கார்ந்து, அவர் நகரும் இடமெல்லாம் கண்ணை நகர்த்தினாள். கடைக்கு வந்து போனவர்களின் முகம் எதுவும் அவள் மனதில் பதியவில்லை.

ஆறாவது வாரம் கலைமதிக்குக் காய்ச்சல். வீட்டிலேயே இருந்தார்கள். மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. “கலை இன்னிக்கு வர்லீங்களா?” என்றது ஒரு பெண் குரல்.

“யாருங்க நீங்க? இந்த நம்பர யாரு குடுத்தா?”

“மகளிர் குழு காசியம்மாளுங்க. குழுவுக்கு ஜெராக்ஸ் எடுக்க அந்தக் கடைக்குத்தான் வருவேன். சுசித்ரா மேடத்துகிட்டக் கேட்டு வாங்குனேன். புள்ள இல்லாம கடையே என்னமோ மாதிரி இருக்குதுங்க.”

சுகுணா போனை வைத்த கையோடு சுசித்ராவை அழைத்து உறுதி செய்துகொண்டாள். சாயங்காலத்துக்குள் கடைக்கு வந்து போகும் இன்னும் இரண்டு பேர் போன் செய்து கேட்டார்கள். இரண்டு பேரையும் அதேபோல விசாரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காசியம்மாள் கொய்யாப்பழப் பையோடு மொரப்பூருக்கே வந்துவிட்டாள். சுகுணா டீ கொடுத்தாள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எத்தனை நாளாக மகளைத் தெரியும் என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். காசியம்மாள் சலிக்காமல் பதில் சொன்னாள்.

உள்ளறையிலிருந்து போர்வையோடு வந்த கலைமதி வந்தவளை ஒரு கணம் பார்த்தாள்.

“ஆதார். பன்னெண்டு பேரு. ரெண்டு பக்கமும்,” என்றாள், தன் சொந்தக் குரலில்.

“ஆமாண்டி தங்கம், நாந்தான்,” என்று காசியம்மாள் சிரித்தாள்.

கலைமதி பாயில் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சுகுணா இன்னொரு டம்ளர் எடுக்க எழுந்தாள்.