சாம்பலியும் வாடட்டும்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளைப் பூஞ்சையம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள், போகப்போக முகத்துக்கு நேராகவே. கீழ்த்தளத்துக் கடைசி அறையில், ஜன்னல் பாதிக்குமேல் திறக்காத இடத்தில், முந்நூறு சோதனைக்குழாய்களுக்கு நடுவே ஏழு வருடமாகப் பூஞ்சை வளர்க்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

அவளை அங்கே தள்ளியவர் துறைத்தலைவர்.

அதற்கு முன்னால் அவள் மாடியில் இருந்தாள். முலாம்பழக் கொடிகளை வாடல் நோய் வயல் வயலாகக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறும் பூஞ்சை. மேலே என்ன மருந்தடித்தாலும் அதற்கு உறைக்காது. தாங்குகிற ரகம் கிடைத்தால்தான் உண்டு. அவள் பேருந்து பேருந்தாக ஏறி இறங்கி, விவசாயிகள் தங்கள் வீட்டில் சேர்த்துவைத்திருந்த நாட்டு விதைகளைக் கேட்டு வாங்கி வந்தாள். மொத்தம் நாற்பத்தொரு ரகம். ஒவ்வொன்றையும் நாற்றாக்கி, வேரைக் கழுவி, நுனியைக் கத்தரித்து, பூஞ்சைக் கரைசலில் அரைமணி நேரம் முக்கி நட்டாள். நாற்பது வாடின. ஒன்று நின்றது. தோலெல்லாம் சாம்பல் பூசினாற்போல் இருக்கும் சின்னப் பழம். சாம்பலி என்று அவளே பேர் வைத்தாள்.

துறைத்தலைவர் எப்போதும் சிரித்த முகக்காரர். "இது நம்ம எல்லாரோட உழைப்பும்மா" என்று சிரித்தார். கட்டுரை வெளிவந்தபோது அதில் எல்லாரும் இல்லை, அவர் மட்டும் இருந்தார். கடைசியில் நன்றி சொல்லும் வரியில், செடிகளுக்குத் தண்ணீர் விட்டவருக்குப் பக்கத்தில், அவள் பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தது. அவள் புகார் கொடுத்தாள். விசாரணையில் அவர் வருத்தமாகத் தலையாட்டினார். "நல்ல பொண்ணுதான். ஆனா குறிப்பு எழுதற பழக்கமே கிடையாது. நோட்டு இருந்தா காட்டட்டுமே" என்றார். நோட்டு அவருடைய அலமாரியில் இருந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது. அடுத்த வாரமே அவளுடைய மேசை கீழ்த்தளத்துக்கு இறங்கியது.

அழுதாளா என்றால், அழுதாள். ஒரே ஒருநாள். அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் பூஞ்சையைக் கோபம் குறையாமல் வைத்திருந்ததுதான். குழாயில் சும்மா உட்காரவைத்துச் சோறு போட்டால் பூஞ்சைக்கும் சோம்பல் வந்துவிடும்; கொல்லுகிற புத்தியே மறந்துபோகும். அவ்வப்போது உயிருள்ள செடிக்குள் விட்டு, செத்த தண்டிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும். அவள் ஒரு பருவம்கூடத் தவறவிட்டதில்லை. தன்னையும் அப்படித்தான் வைத்திருந்தாள்.

இதற்குள் துறைத்தலைவர் சாம்பலியைப் பெரிய இனிப்புப் பழம் ஒன்றோடு கலந்து புது ரகம் உண்டாக்கிவிட்டார். வாடலே அண்டாது என்று பேட்டி கொடுத்தார். பத்து விவசாயிகளுக்குப் பரீட்சார்த்தமாக விதையும் கொடுத்தார். நிலையத்தின் இயக்குநர் நாற்காலி காலியாகப் போகிறது, அதில் உட்காரப்போவது இவர்தான் என்பது கேன்டீன் வரைக்கும் தெரிந்த செய்தி.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் ஒருநாள் சாக்குப்பையோடு மாடி ஏறினார். ஐந்தே நிமிடத்தில் இறங்கி வந்து, படிக்கட்டின் கீழே திகைத்துப்போய் நின்றார். பூஞ்சையம்மா கை கழுவ வெளியே வந்தவள் பார்த்தாள்.

"என்னங்க பையில?"

"கொடிம்மா. சார் குடுத்த விதைதான். நாலு ஏக்கரும் போச்சு. தண்ணி அதிகமா விட்டிருப்பேன்னு சிரிக்கிறாரு. எனக்குத் தண்ணி விடத் தெரியாதாம்!"

அவள் ஒரு தண்டை வாங்கி நீளவாக்கில் பிளந்தாள். உள்ளே நரம்பெல்லாம் பழுப்பு. தண்ணீரால் வருகிற வியாதி அல்ல அது. "பையை இங்கயே விட்டுட்டுப் போங்க" என்றாள்.

அந்தத் தண்டிலிருந்து எடுத்த பூஞ்சையை எட்டுத் தொட்டிகளில் சோதித்தாள். நான்கில் புது ரகம், நான்கில் சாம்பலி. பதினெட்டாம் நாள் எட்டும் படுத்துவிட்டன. பூஞ்சை மாறியிருந்தது. சாம்பலி தடுத்து நிறுத்திய பழைய வகை வேறு, இப்போது வயலில் பரவுகிற வகை வேறு.

சாம்பலியின் தொட்டிகளுக்கு முன்னால் அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அது அவள் கண்டெடுத்தது. என்றைக்காவது ஒருநாள் உண்மை வெளிவந்து, அதை அவள்தான் கண்டுபிடித்தாள் என்று நாலு பேர் சொல்வார்கள் என்ற நினைப்பில்தான் ஏழு வருடம் ஓடியிருந்தது. அவரைக் கவிழ்க்க வேண்டுமானால் இதையும் சேர்த்தே கவிழ்க்க வேண்டும்.

வீட்டுக்காரருக்குத் தையல் வேலை. அன்றிரவு அவள் சொன்னதைப் பித்தான் தைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"மேல ஒரு கடுதாசி எழுதிப் போட்டுட்டா முடிஞ்சுபோற விஷயம் இது."

"எழுதினா அவர் மேசைக்குத்தான் போகும். நோட்டு போன இடத்துக்கே அதுவும் போகும்."

"சரி, என்னதான் செய்யப்போறே?"

"எல்லாரும் பார்க்கணுங்க. அவர் சிரிச்சிட்டிருக்கும்போதே பார்க்கணும்."

"சாம்பலியும்ல சேர்ந்து போகும்?"

"வாடட்டும்" என்றாள்.

அவர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "உன்கிட்ட சண்டை போடாம இருபது வருஷம் ஓட்டினது என் புத்திசாலித்தனம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பித்தானை எடுத்தார்.

ரகத்தை வெளியிடுவதற்கு முன்னால் வெளியாட்கள் குழு ஒன்று வந்து பார்க்கும். புது ரகத்தையும் நாற்பத்தொரு நாட்டு ரகங்களையும் ஒரே கண்ணாடிக் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதிக்க ஏற்பாடானது. சோதனை தொடங்குவதற்கு முந்தின நாள், ஏழு வருடத்தில் முதல்முறையாக, துறைத்தலைவர் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார். மூக்கைச் சுளிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"என்னம்மா, நல்லா இருக்கியா? நாளைக்குக் கரைசல் நீதானே தயார் பண்றே?"

"ஆமா சார்."

"நம்ம பழைய பூஞ்சைக் கல்ச்சர் ஒண்ணு இருக்கும் பாரு, ரொம்ப வருஷமா குழாய்லயே இருக்கறது... அதை எடுத்துக்கோ. கொஞ்சம் தண்ணியாவே கலக்கு. செடிங்க பாவம், ரொம்ப அடிபடக் கூடாது பாரு." சிரித்தார். "நான் அந்த நாற்காலிக்குப் போனதும் உன்னை மறுபடி மாடிக்குக் கூட்டிட்டுப் போறேன். பழசெல்லாம் மனசுல வச்சுக்காதே."

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த விவசாயியின் பையைப் பார்த்த அன்றே தெரிந்திருக்கிறது.

"சரி சார்" என்றாள். அதை அவர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

மறுநாள் காலை அவள் வயல் பூஞ்சையை எடுத்தாள். சோதனைத் தொட்டியில் செத்த தண்டிலிருந்து அதைத் திரும்ப எடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, பசியோடு இருந்தது. மைக்ராஸ்கோப்பின் கீழ் கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் வித்துகளை எண்ணினாள். ஒரு மில்லிக்குப் பத்து லட்சம். ஒரு துளி கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. சோதனை விதிமுறையில் அப்படித்தான் எழுதியிருந்தது. 'தற்போது வயலில் பரவும் வகையையே பயன்படுத்த வேண்டும்' என்றும் எழுதியிருந்தது. கீழே துறைத்தலைவரின் கையெழுத்து. என்ன எடுத்தாள், எவ்வளவு எடுத்தாள் என்பதைக் குழு உறுப்பினர் ஒருவர் முன்னிலையில் பதிவேட்டில் எழுதி அவரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டாள். இந்தமுறை அந்தப் பதிவேடு குழுவோடு போயிற்று.

ஒன்பதாம் நாள் புது ரகத்தின் அடியிலைகள் மஞ்சளாகின. துறைத்தலைவர் கூடத்துக்குள் வந்து, நாற்றுத் தட்டைப் பார்த்து, அவளைப் பார்த்தார். அவள் குனிந்து வெப்பமானியைப் படித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் நாள் தண்டில் பிசின் கசிந்தது. அவர் மருந்துத் தெளிப்பான் ஒன்றோடு வந்தார். கூடத்தின் கதவில் பத்தாம் நாளே குழு வைத்துவிட்ட முத்திரை இருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்த நடையை அவள் கீழ்த்தளத்துப் பாதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் மறையும்வரை ஜன்னலைவிட்டு நகரவில்லை.

இருபத்தோராம் நாள் குழு வந்தது. தலைவி வயதான அம்மாள், கறார் பேர்வழி. புது ரகம் முப்பது செடியும் தட்டோடு தட்டாகக் கிடந்தன. பக்கத்தில் சாம்பலியும் கிடந்தது. நாற்பத்தொன்றில் ஒரே ஒரு ரகத்தில் மட்டும், பெயரே இல்லாத பன்னிரண்டாம் எண் விதையில், முப்பதுக்கு ஐந்து செடிகள் தலை நிமிர்ந்திருந்தன.

"இப்படி நடக்க வாய்ப்பே இல்லை. கரைசல்ல ஏதோ கோளாறு" என்றார் துறைத்தலைவர். அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது, கழற்ற மறந்த செருப்பு மாதிரி.

தலைவி பதிவேட்டைப் புரட்டினாள். "எண்ணிக்கை சரியா இருக்கு. வகை சரியா இருக்கு. விதிமுறை உங்களோடதுதானே சார்?"

"வேற கல்ச்சர் எடுக்கச் சொல்லியிருந்தேன்..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நிறுத்தினார். ஆனால் சொன்ன வார்த்தை சொன்னதுதான்.

"எதை எடுக்கச் சொன்னீங்க?" என்றாள் தலைவி. பிறகு பூஞ்சையம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க."

அவள் சொன்னாள். ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை, சேர்க்கத் தேவையிருக்கவில்லை. பாவம் என்று அவர் சொன்ன இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்.

போகும்போது தலைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எத்தனை விவசாயிங்களைக் காப்பாத்தியிருக்கீங்க தெரியுமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. இந்த இருபத்தோரு நாளில் சாக்குப்பை கொண்டுவந்த அந்த மனிதரை அவள் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. கண்ணுக்குள் ஒரே ஒரு முகம்தான் இருந்தது. அதைத் தலைவியிடம் சொல்லவில்லை.

மாலையில் துறைத்தலைவர் கீழே வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல்முறையாக அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பு இல்லாமல் அது வேறு யாருடைய முகமோ போல இருந்தது.

"தெரிஞ்சேதான் செஞ்சே."

"ஆமா சார்."

"உன் பழமும்தான் செத்துப்போச்சு. உனக்கு என்ன மிச்சம்?"

"அது என் பழம்னு இன்னைக்குத்தான் சார் உங்க வாயால வந்திருக்கு" என்றாள். "கதவைச் சாத்திட்டுப் போங்க, தூசி வந்தா குழாயெல்லாம் கெட்டுப்போகும்."

அவர் இயக்குநர் ஆகவில்லை. எங்கோ ஒரு பயிற்சி மையத்துக்கு மாற்றினார்கள். நோட்டு கடைசிவரை கிடைக்கவில்லை, பழைய கட்டுரையில் பெயரும் மாறவில்லை. அவளை ரகங்களைச் சோதிக்கும் பழைய வேலைக்கே மறுபடி போட்டார்கள். மாடியில் இடமில்லை என்று கீழ்த்தளத்திலேயே இருக்கச் சொன்னார்கள். கோளாறு விதையில்தான், தண்ணீரில் இல்லை என்று நாலு ஏக்கர்காரருக்கு அவள் போன் செய்து சொன்னாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்மா, நான் சோளம் போட்டுட்டேன்" என்றார் அவர். அதில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. போனை வைத்தபிறகுதான் அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பழி தீர்த்தால் மனசு வெறுமையாகிவிடும் என்பார்கள். குழு வந்துபோன அன்று வீடு திரும்பியவளுக்குப் பசிதான் எடுத்தது. மூன்று முறை போட்டுச் சாப்பிட்டாள். வீட்டுக்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை சீக்கிரமே கிளம்பிப்போய், பன்னிரண்டாம் எண்ணின் ஐந்து செடிகளையும் பெரிய தொட்டிகளுக்கு மாற்றினாள்.