இப்போதைக்கு ஒரு எர்த்

வீட்டுச் சுவரில் கார் சார்ஜர் மாட்டிய மறுநாள் காலை, காருக்கு அறுபது சதவீதமும் வீட்டுக்காரருக்கு நாற்பது சதவீதமும் ஏறியிருந்தது. காரின் கணக்கு திரையில் தெரிந்தது. வீட்டுக்காரரின் கணக்கை அவர் மனைவி கழித்துத்தான் தெரிந்துகொண்டாள். வருடக்கணக்கில் எழுந்து உட்காராத மனிதர், கட்டிலில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, டீ இன்னும் வரவில்லையா என்று கேட்டார். அவள் முதலில் டீயைப் போட்டாள். ஆச்சரியப்பட அப்புறம் நேரம் கிடைக்கும். தாமதமானால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவர் டவுன் பஸ் ஓட்டியவர். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடம், தினமும் ஊரையே நாலு சுற்று சுற்றி வருகிறவர் என்று அவள் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அந்தத் தடத்தை ஒருநாள் நிறுத்தினார்கள்; பஸ்ஸைப் பழைய இரும்புக்கு வெட்டினார்கள். வெட்டுவதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், அசதியாக இருக்கிறது என்று இரும்புக் கட்டிலில் படுத்தார். அவ்வளவுதான். ஊட்டினால் விழுங்குவார், புரட்டினால் புரளுவார். பார்க்காத டாக்டர் இல்லை. உடம்பில் ஒன்றும் இல்லை என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "அதத்தான் நானும் சொல்றேன், ஒண்ணுமே இல்ல" என்றாள் அவள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு பேச்சுத் துணைக்கும் ஆளில்லாமல், மிக்ஸியோடு சண்டை போடும் நிலைக்கு வந்திருந்தாள். பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு ஓட்டக் கற்றாள்; மின்சாரக் கார் ஒன்றை எடுத்து வாடகைக்கு விட்டு, தானே ஓட்டினாள்.

சார்ஜர் மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் கெட்டிக்காரர். 'இப்போதைக்கு' என்ற ஒரு சொல்தான் அவரிடம் இருந்த குறை. சார்ஜருக்குத் தனி எர்த் வேண்டும், ஆழமாகக் குழி தோண்டிக் கரியும் உப்பும் கொட்டிக் குழாய் இறக்க வேண்டும் என்று சொல்லி, இரண்டையும் மூட்டையாக வாங்கி வைக்கச் சொன்னார். வாசல் முழுக்கச் சிமெண்டுத் தரை. அதை உடைக்கும் ஆள் அன்று வரவில்லை. ஆகவே எர்த்துக்கான பச்சை வயரை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்த கட்டிலின் இரும்புக் காலில் முறுக்கிக் கட்டினார். கட்டிலில் ஆள் இருப்பதை அவர் கவனிக்கவில்லை, சுருட்டி வைத்த போர்வை என்று நினைத்துவிட்டார். "இப்போதைக்கு இருக்கட்டும்க்கா, நாளைக்கு வந்து சரி பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படிச் சொல்லிவிட்டுப் போன எந்த வேலையும் மறுநாள் நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

காருக்கு முழுதாக ஏற வேண்டுமென்றால் அவரைக் கட்டிலிலிருந்து பாயில் இறக்கிவிட வேண்டும் என்பதை அவள் சீக்கிரமே கண்டுகொண்டாள். இறக்கிய அன்று கார் நூறைத் தொட்டது, அவர் பழையபடி மூட்டையானார். கட்டிலிலேயே விட்ட அன்று அவர் வெங்காயம் நறுக்கினார், குழாய் ஒழுகுவதை நிறுத்தினார், அவள் சொன்ன ஊர்வம்புக்கெல்லாம் உம் கொட்டினார். கார் பாதி நாளில் படுத்துக்கொண்டது. வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும், அவர் எழுந்தால்தான் அது வீடு. அவள் ஒருநாள் அவருக்கு, ஒருநாள் காருக்கு என்று முறை வைத்தாள். இவ்வளவு நியாயமாக எந்தக் குடும்பத்திலும் சொத்தைப் பிரித்ததில்லை.

ஒரே வயரில் ஏறியது ஒன்றோடொன்று கலக்காமல் இருக்குமா? கார், அவருடைய பழைய தடத்தின் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் தானாக நின்று கதவைத் திறந்தது. வாடகை பேசி ஏறியவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வாடிக்கையாக வரும் டீச்சர் ஒருவர் மட்டும், பஸ் நின்றதிலிருந்து பாவம் எல்லோரும் நடையாய் நடக்கிறார்கள், ஏறட்டும் என்று நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. வீட்டிலோ அவர் பின்னால் நகரும்போதெல்லாம் கீங் கீங் என்று மெல்லச் சத்தம் கொடுத்தார். சமையலறை வாசலில் ஒரு பெண்குரல் அவர் வாயிலிருந்து, இடப்புறம் திரும்பவும் என்றது. யார் அந்தப் பொம்பளை என்று அவள் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். தனக்கும் தெரியாது, ஆனால் வழி மட்டும் நன்றாகச் சொல்கிறாள் என்றார்.

எலெக்ட்ரீஷியனின் 'நாளைக்கு' ஒரு வருடம் கழித்துக் கடப்பாரையோடு வந்தது. போர்வை இருந்த இடத்தில் மனிதர் ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பதைக் கண்டு அவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார். இது எவ்வளவு பெரிய ஆபத்து தெரியுமா என்று வயரைக் கழற்றக் குனிந்தார். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாதப்பா. அவரு மூணு வருஷம் படுத்தே கெடந்தாரே, அது ஆபத்து இல்லையா? இப்போதைக்கு இருக்கட்டும்."

தன் சொல்லே தன்னிடம் திரும்பி வந்ததும் அவர் நிமிர்ந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த வருட மழையில் கம்பங்கள் சாய்ந்து ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. அன்று மதியம் மகள் போன் செய்தாள். நாள் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது, கணவன் கப்பலில் இருக்கிறான், கூட ஆளில்லை. மலைக்கு அந்தப் பக்கம் அவள் ஊர். வழியெல்லாம் தண்ணீர், ஒரு வண்டியும் வரத் தயாராக இல்லை. முந்தின நாள் அவருடைய முறை என்பதால் காரில் தெரு முனை தாண்டும் அளவுக்குக்கூட இல்லை. அவர் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சார்ஜரின் பிளக்கைக் கொண்டுபோய்க் காரில் மாட்டச் சொன்னார். ஏறின வழியில் இறங்காதா என்றார். விஷயம் புரிந்ததும் அவள் கையில் எடுத்த பிளக்கைத் திரும்பச் சுவரிலேயே மாட்டினாள்.

"நீங்க மறுபடி படுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"பொண்ணு தனியா இருக்கா. மாட்டு."

மாட்டினாள். திரையில் எண் ஏற ஏற அவர் குரல் இறங்கியது. இது எல்லா ஸ்டாப்பிலும் நின்று நின்று போனால் எப்போது போய்ச் சேருவது என்று அவள் அழுதாள். "நிக்காது" என்றார், கடைசியாக மிச்சமிருந்த மூச்சில். "இன்னைக்கு எக்ஸ்பிரஸ்."

கார் ஒரு நிறுத்தத்திலும் நிற்கவில்லை. மழையில் கை காட்டியவர்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சின்னதாக ஹாரன் அடித்துவிட்டு ஓடியது. மலை வளைவுகளில் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள், திருப்பியவர் அவர். பேத்தி பிறந்தபோது அவள் பிரசவ அறைக்குள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திரும்பியபோது வீட்டில் கரண்ட் வந்திருந்தது, அவர் வரவில்லை. அவள் வரும்வரை பக்கத்து வீட்டார் அவருக்குப் பால் ஊட்டிப் பார்த்துக்கொண்டார்கள். காரைத் தனியே நிறுத்திவிட்டு, சொட்டு விடாமல் கட்டிலுக்கே விட்டுப் பார்த்தாள், ஏறவில்லை. எலெக்ட்ரீஷியன் வந்து அவர் உள்ளங்கையில் டெஸ்டரை வைத்தார். பல்ப் எரியவில்லை. அடியோடு இறங்கின பேட்டரி சார்ஜ் பிடிக்காது, முதலில் யாராவது கொஞ்சம் கொடுத்து எழுப்ப வேண்டும் என்றார். அவள் கட்டிலில் உட்கார்ந்து தன்னிடம் இருந்ததைக் கொடுத்தாள். பல்லாண்டு அலைந்த உடம்பில் அதிகம் இல்லை.

கார் வராமல் மறுபடி நடக்க ஆரம்பித்தவர்கள் காரணம் கேட்டு வந்தார்கள். டீச்சர்தான் முதலில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எழுந்தபோது கால் தள்ளாடியது, பரவாயில்லை, ரெண்டு ஸ்டாப் நடந்த அசதிதான் என்றார். அடுத்து காய்கறிக்காரர் உட்கார்ந்தார், அவருக்குப் பின் தையல்காரி. வாசல் வரை வரிசை நின்றது. எலெக்ட்ரீஷியனும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார். சாயங்காலம் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். அறை நிறைய ஆட்களையும் வாசற்படியில் நெருக்கிக்கொண்டு நின்றவர்களையும் பார்த்தார்.

"படியில நிக்காதீங்க, உள்ள வாங்க. வண்டிய எடுக்கணும்."

இப்போது கார் அந்தத் தடத்தில் ஓடுகிறது, எல்லா நிறுத்தத்திலும் நிற்கிறது. அவருடைய முறை நாளில் பேத்தி அவர் தோளில் தூங்குவாள். அவர் கீங் கீங் என்று பின்னால் நகர்ந்து அவளைத் தொட்டிலில் இறக்குவார். எலெக்ட்ரீஷியன் வருடத்துக்கு ஒருமுறை வந்து பச்சை வயரின் முறுக்கை இறுக்கிவிட்டு, இப்போதைக்கு இருக்கட்டும் என்று சொல்லிப் போகிறார். குழிக்கென்று வாங்கிய கரி மூட்டை கட்டியபடி மூலையில் கிடக்கிறது. உப்பு பாதிக்கு மேல் சமையலுக்குப் போய்விட்டது.