டாக்டரம்மாவுக்கு இடம்

என் வீட்டுக்காரர், பழைய டிவி தொடர் ஒன்றின் கதாநாயகி படங்களை ஃப்ளாப்பி டிஸ்க்குகளிலிருந்து மீட்டுக்கொண்டிருக்கிறார். தொடரில் அவள் டாக்டரம்மா. எனக்குத் தலைவலி என்றால் மாத்திரை டப்பா இருக்கும் திசையைக் காட்டுகிற மனுஷன், அவள் டிஸ்க்கைப் பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைக்கிறார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

நேற்று, அழித்த ஃபைல்களையும் தேடித் தரும் ஒரு புரோகிராமை ஓடவிட்டார். டாக்டரம்மாவோடு இன்னொரு படமும் கிடைத்தது. திறந்தால், மணக்கோலத்தில் நானும் அவரும், கழுத்துவரை. டிஸ்க்கில் மீதிப் படம் இருந்த இடத்தில் அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாளாம்.

"நம்ம கல்யாணப் படத்தை யாரு அழிச்சது?"

"அப்போ டிஸ்க்ல இடம் பத்தலை," என்றார், திரையை விட்டுத் திரும்பாமல். "அதான் இப்போ கிடைச்சிடுச்சே. விடேன்."

புதுக் கம்ப்யூட்டரில் அவளுக்கு மட்டும் ஏகப்பட்ட ஃபோல்டர்கள். சிரிப்பதற்கு ஒன்று, அழுவதற்கு ஒன்று, ஸ்டெதாஸ்கோப்போடு நிற்பதற்குத் தனியாக ஒன்று.

"நம்ம படத்தை எதுல போடப்போறீங்க?"

கொஞ்சமாவது யோசித்திருக்கலாம்.

"'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்கு, அதுல போட்டுடறேன்."