கொட்டகையைத் தாண்டி வீசும் மெஷின்

கடைக்குள் நுழைந்ததுமே ஆர்வோ நேராகப் போய் நின்றது பெரிய மெஷினுக்கு முன்னால்தான். அவர் மனைவி டோரின் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். 

அக்டோபர் கடைசியில், பனி கொட்டும் ஏரிக்கரை ஊரான கீவெனாவில் யாரும் வேறு எதையும் பேசுவதில்லை. பனியை அள்ளித் தூரமாய்ப் பீய்ச்சும் மெஷின் யார் வீட்டில் ஒழுங்காய் ஓடுகிறது, யார் வீட்டில் மக்கர் பண்ணுகிறது என்பதுதான் சர்ச்சிலும் பேச்சு, சாவுனா நீராவிக் குளியலிலும் பேச்சு. ஆர்வோ மட்டிலா வீட்டு மெஷின் போன மார்ச்சில் பல்சக்கரம் நொறுங்கி மண்டையைப் போட்டுவிட்டது. அதே மார்ச்சில்தான் ஆர்வோவின் நெஞ்சும் மக்கர் பண்ணியது. ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், இனி பனி அள்ளும் ஷவலைக் கையால் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆர்வோ தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எதற்கும் தலையை ஆட்டுவது அவருக்குச் சுலபம்.

கடைக்காரன் வெஸ், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். ஆர்வோவின் மகன் டேரிலோடு பள்ளியில் ஹாக்கி ஆடியவன். இப்போது தொப்பை போட்டு, தலையும் வழுக்கை.

"இதை வாங்கினீங்கன்னா ஊர் ரோட்டுப் பனியையே நீங்க தள்ளிடலாம் ஆர்வோ. ரோடு பாத்துக்கற கவுண்டி ஆபீஸ்காரன் கூப்பிட்டுச் சம்பளம் குடுப்பான்" என்றான்.

"அவன் குடுக்கிற சம்பளத்துக்கு நான் வீட்லயே தூங்குவேன்."

"அவரு தூங்கணும்னுதான் நானும் வந்திருக்கேன்" என்றாள் டோரின். "வெஸ், அந்தச் சின்னதைக் காட்டு. இருபத்து நாலு அங்குல அகலம்."

வாசலோரம் அதைவிடவும் சின்னதாய், ரப்பர் துடுப்பு வைத்த பொம்மை மாதிரி இன்னொரு மெஷின் இருந்தது. போகிற போக்கில் ஆர்வோ அதைக் காலால் தட்டி, "இது யாருக்கு?" என்று கேட்டார்.

"கோடையில வந்து ஏரிக்கரையில வீடு வாங்கிட்டு, நவம்பர்ல தெற்கே ஓடிடறாங்களே, அவங்களுக்கு. ரோட்டுப் பனி ஒதுக்கற ஊர் வண்டி வாசல்ல தள்ளிட்டுப் போற பனிக்கட்டி வரப்புல ஒரு தடவை வைங்க, துடுப்பு உங்க கையில வந்துடும்" என்று சிரித்தான் வெஸ். "டோரின் கேக்கறது அது இல்ல. இது நல்ல மெஷின். இரும்புப் பல்லு. பட்டனைத் தட்டினா ஸ்டார்ட் ஆகும், கயிறு இழுக்க வேண்டாம். லேசா இருக்கும், திருப்பறதுக்கு நெஞ்சு வலிக்காது."

ஆர்வோ சின்ன மெஷினைச் சுற்றி வந்தார். பனி வெளியே வரும் குழாயைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார். "எவ்வளவு தூரம் வீசும்?"

இந்தக் கேள்விக்குத்தான் டோரின் பயந்துகொண்டிருந்தாள்.

அவர்கள் வீட்டு வண்டிப்பாதை ரோட்டிலிருந்து வந்து வாசலில் முடிகிறது. வலப்பக்கம், வீட்டுச் சுவருக்கும் விறகுக் கொட்டகைக்கும் நடுவே ஒரு வண்டி நிற்கிற சந்து. டேரில் பதினாறு வயதிலிருந்து தன் டிரக்கை அங்கேதான் நிறுத்துவான். அந்தச் சந்தில் விழும் பனியை ஒதுக்க வேறு வழியில்லை, கொட்டகைக் கூரைக்கு மேலாக வீசி அந்தப் பக்கம் விழவைக்க வேண்டும். சின்ன மெஷின் வீசினால் கொட்டகைச் சுவரில் அடித்துத் திரும்பி, வீசினவன் முகத்திலேயே விழும்.

டேரில் வீட்டை விட்டுப் போய் ஏழு குளிர்காலம் ஆகிறது. அவன் குடித்துவிட்டு வந்த ஒரு ராத்திரி அப்பனும் பிள்ளையும் சமையலறையில் நின்று கத்தினார்கள். இந்த வாசலை இனி மிதிக்காதே என்று ஆர்வோ சொன்னார். பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொண்டு அரிசோனா போய்ச் சேர்ந்தான். போனை எடுத்து, தெரியாமல் சொல்லிவிட்டேன்டா என்று இரண்டு வார்த்தை சொல்ல ஆர்வோவுக்கு வாய் வரவில்லை. ஃபின்லாந்திலிருந்து சுரங்கத்துக்கு வந்த அவர் தாத்தாவுக்கும் வந்திருக்காது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பனிக்கும் அந்தச் சந்தைத் தரை தெரிகிற மாதிரி ஒதுக்கி வைத்தார். முதல் பனியிலிருந்தே ஒதுக்கினால்தான் உண்டு. இரண்டு வாரம் விட்டால் கூரைப் பனியும் சரிந்து விழுந்து கல்லாய் இறுகிவிடும், அப்புறம் எந்த மெஷினும் உள்ளே நுழையாது. இதெல்லாம் தெரிந்த மனுஷன், ஒரு போன் பண்ணத் தெரியாதவர். டோரினுக்கு நினைத்தால் ஆத்திரம் ஆத்திரமாய் வரும்.

"சின்னது கொட்டகையைத் தாண்டாது" என்றான் வெஸ், உள்ளதை மறைக்காமல். "ஆனா நீங்க ரெண்டு பேரு, ஒரு வண்டி. அந்தச் சந்து எதுக்கு உங்களுக்கு?"

"டேரில் வண்டி அகலம்" என்றார் ஆர்வோ. "வேற எங்கயும் நிக்காது."

"வரானா? சொல்லவே இல்லையே. எப்ப?"

ஆர்வோ பெரிய மெஷினிடம் திரும்பிப் போய் அதன் கைப்பிடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். ஏற்கெனவே பனிக்குள் நிற்பவரைப் போல, கால்களை அகட்டி நின்றார். அந்த எடையை ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த நெஞ்சு தாங்க வேண்டும் என்பதைத் தவிர டோரினுக்கு வேறெதுவும் தெரியவில்லை. அவர் சந்துக்குள் குப்புற விழுந்து கிடப்பதையும், மெஷின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பதையும் மனக்கண்ணில் பார்த்தாள்.

"அவன் வரமாட்டான், ஆர்வோ."

"இந்த வருஷம் வராம இருக்கலாம்."

"எந்த வருஷமும் வரமாட்டான். ஆகஸ்ட்ல போன் பண்ணான்."

ஆர்வோ திரும்பவில்லை. வெஸ் சட்டென்று, ஏதோ ஆயில் எடுத்து வரப்போவதாக முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

"நீ கொட்டகைல விறகு அடுக்கிட்டிருந்தே. அங்கயே வீடு வாங்கிட்டானாம். கல்யாணமும் ஆயிடுச்சாம். அப்பாகிட்ட பேசுறியா, கூப்பிடட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டான். அந்தப் பக்கம் இனி நான் வரப்போறதில்ல, அவர்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்மா, அப்படின்னான்."

"பொண்ணு பேரு?"

"என்ன?"

"கட்டிக்கிட்ட பொண்ணு பேரு என்ன?"

"கேக்கறதுக்குள்ள போனை வச்சுட்டான்."

ஆர்வோ கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். ஒரு கை, பிறகு இன்னொரு கை. இந்த மூன்று மாதமும் அவர் நெஞ்சைக் காப்பாற்றத்தான் டோரின் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது அதே நெஞ்சைக் காப்பாற்றத்தான் சொல்லவும் செய்தாள். இரண்டுமே நியாயமாகத்தான் பட்டன. அவர் முகத்தைப் பார்த்ததும் இரண்டும் தப்பு என்று தெரிந்துவிட்டது.

"வெஸ்" என்று உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "சின்னதைப் போடு."

இதற்காகத்தான் டோரின் வந்தாள். வரும் வழியெல்லாம் அவரை எப்படி மடக்குவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் திட்டுவார், முறைப்பார், கழுதை மாதிரி அடம்பிடிப்பார் என்று நினைத்திருந்தாள். இப்படி ஒரே வார்த்தையில் இறங்கிவிடுவார் என்று நினைக்கவில்லை.

"இரு, அவசரப்படாதே" என்றாள். "பெருசையே எடுத்துக்கலாம். கைப்பிடில சூடு வர்ற வசதியெல்லாம் இருக்கு, பாரு. நான் கூட ஓட்டுறேன்."

"யாருக்கு?"

"நமக்குத்தான். நாளைக்கே அவன் மனசு மாறினா?"

"நீதானே இப்ப சொன்னே."

"கோவத்துல சொல்லியிருப்பான் ஆர்வோ. பசங்க சொல்லுவாங்க. நீ சொல்லலையா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆர்வோ அதற்கும் தலையை ஆட்டினார்.

"சின்னது போதும்" என்றார். "நீ சொன்னது சரிதான்."

வெஸ்ஸும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, அது லகுவாக வண்டியில் ஏறிவிட்டது. வீடு போகிறவரை ஆர்வோ ரேடியோவில் வானிலை கேட்டுக்கொண்டு வந்தார்.

நவம்பரில் பனி வந்தது. ஆர்வோ ரோட்டிலிருந்து வாசல்வரை ஒரு வண்டி அகலத்துக்கு ஒதுக்கினார், தபால் பெட்டிவரை நடக்க ஒரு வழி விட்டார், மெஷினை அணைத்துவிட்டு உள்ளே வந்தார். முன்பெல்லாம் அரை நாள் வெளியே கிடப்பார், காபிக்குக் கூப்பிட்டால் கையை ஆட்டித் துரத்துவார். இப்போது காபி போடுவதற்குள் மேசையில் வந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் பார்த்தால் மெச்சியிருப்பார். டோரின் ஏலக்காய் ரொட்டியை வெட்டி வைத்தாள், கையில் வைத்துப் பிய்த்துக்கொண்டே இருந்தார், தின்னவில்லை. வாழ்நாள் முழுக்க வெளியே போகாதே, போகாதே என்று கெஞ்சியவள், போய்த்தொலையேன் என்று கத்த வாயெடுத்து அடக்கிக்கொண்டாள்.

டிசம்பர் முழுக்க ஏரிக்காற்று கொண்டுவரும் பனி விடாமல் கொட்டியது. வீட்டுக் கூரையும் கொட்டகைக் கூரையும் மாறி மாறிச் சரித்துவிட்டதில் சந்து மூடிப்போய், அந்தப் பக்க ஜன்னலின் பாதிவரை பனி ஏறிவிட்டது. சமையலறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஆர்வோ அந்த ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்காரப் பழகிக்கொண்டார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், டோரின் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஷவலோடு வெளியே போனாள். யாரும் வரப்போவதில்லை என்பது அவளுக்கே தெரியும். யாருக்காகவும் அவள் அதைச் செய்யவில்லை. அந்த மனுஷன் எழுந்து வந்து பார்க்கும்போது அங்கே கொஞ்சம் தரை தெரிய வேண்டும், அவ்வளவுதான். மேலே இருந்த புதுப்பனி பஞ்சாய் வந்தது. அதற்குக் கீழே இறுகிப்போயிருந்தது. ஷவலைக் காலால் மிதித்தாள், ஏறி நின்றாள், ஓங்கிக் குத்தினாள். ஒவ்வொரு குத்துக்கும் முழங்கைவரை அதிர்ந்தது. நகக்கண் அளவு சில்லுகள் தெறித்தன.

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஆர்வோ கோட்டில்லாமல் சட்டையோடு நின்றார்.

"விடு, டோரின்."

"ஒரு ஓரமாவது."

"இனி ஷவல் இறங்காது."

"அப்ப ஏப்ரல்ல பாத்துக்கலாம். ஏப்ரல்ல நாம ரெண்டு பேருமா..."

அவள் கையிலிருந்து ஷவலை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். கோபமே இல்லாமல்தான் பேசினார்.

"ஏப்ரல்ல அதுவா உருகிடும். அதுக்கு நாம எதுக்கு?"