பச்சைப் பொத்தானுக்கு முட்டுக்கொடுத்த குச்சி

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் ஸ்டார்ட்டரை நம்பி ஓடியதில்லை, குச்சியை நம்பித்தான் ஓடியது. ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அமுக்கினால் மோட்டார் ஓடும். கரண்ட் போனால் பொத்தான் வெளியே வந்துவிடும். கரண்ட் திரும்ப வந்ததும் யாராவது போய் மறுபடி அமுக்க வேண்டும். "மோட்டாரு தானா ஓடிறக் கூடாதுன்னுதான்யா அப்படி வச்சிருக்கான்" என்று ஆரப்பாளையத்து மோட்டார் கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். யார் கேட்டார்கள்? எண்பத்து மூன்றில் மழை பொய்த்துவிட்டது. கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதற்காக மோட்டார் ரூமில் எவன் காத்துக் கிடப்பான்? பொத்தானை அமுக்கி, வெளியே வராதபடி ஒரு வேப்பங்குச்சியை முட்டுக்கொடுத்துவிட்டு அவனவன் சோலியைப் பார்க்கப் போனான். குச்சி கீழே விழுந்து கிடந்தால், அது யார் கிணறாக இருந்தாலும், எடுத்துச் செருகிவிட்டுப் போவோம். அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

ஆனையூருக்கு மேற்கே விருமாண்டியின் நெல் பால் பிடித்துக்கொண்டிருந்தது. வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அன்றைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர்தான். காலையில் கரண்ட் வந்தது, மோட்டாரும் ஓடியது, தண்ணீர்தான் ஏறவில்லை. பம்பின் தண்டைச் சுற்றி அடைத்திருந்த கயிறு தேய்ந்து, காற்றை இழுத்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

"திரும்ப வாரதுக்குள்ள கயித்த மாத்திரணும். இல்லேன்னா நாம செத்தோம்" என்று விருமாண்டி ஸ்பானரை எடுத்தான்.

"மெயின் சுவிட்ச எறக்கிட்டுப் போங்க" என்றாள் அவன் மனைவி அன்னக்கொடி.

"அதுல கைப்பிடி எங்க இருக்கு? ஒடஞ்சதுலருந்து கம்பி போட்டுல்ல கட்டிக் கெடக்கு. குச்சிய உருவிப் போட்டுட்டேன், போதும்."

கிணற்றின் பாதி ஆழத்தில் ஒரு திட்டு. மோட்டாரும் பம்பும் அதில்தான் இருந்தன, ஸ்டார்ட்டர் மட்டும் மேலே ரூமில். அவன் அங்கே குந்தி வேலை பார்க்க, அன்னக்கொடி விளிம்பில் மண்டியிட்டு, புதுக் கயிற்றை வாளியில் வைத்து இறக்கினாள். ஒரு வாரமாகக் கரண்டைக் கொடு என்று சாமியிடம் மன்றாடியவள், இப்போது கொடுத்துவிடாதே என்று மன்றாடினாள்.

"முடிஞ்சிருச்சா?"

"கைய உள்ள விட்டுருக்கேன். பேசாம இரு."

அந்த நேரத்தில் பக்கத்து வயல்காரன் நல்லகாமன் மோட்டார் ரூமின் பின்பக்கமாக வந்தான். அவன் கிணறு வற்றி, பயிர் மொத்தமும் கருகியாகிவிட்டது. முறைக்கு மாப்பிள்ளையான விருமாண்டியின் பயிராவது பிழைக்கட்டுமே என்று தினமும் வந்து பார்ப்பான். ரூம் மறைத்ததில் கிணற்றடியில் இருந்தவள் அவன் கண்ணில் படவில்லை. ரூமுக்குள் தரையில் கிடந்த குச்சிதான் பட்டது. மாப்ள கவனிக்கவில்லை போல என்று நினைத்து, எடுத்து அழுத்தமாகச் செருகினான். அதோடு நின்றானா? தண்ணீர் வந்தால் வீணாகக் கூடாதே என்று மண்வெட்டியோடு மடையைத் திறந்துவிடவும் போனான்.

கரண்ட் வந்தது.

விருமாண்டி ஒரே ஒரு தடவைதான் கத்தினான். அன்னக்கொடி ரூமுக்கு ஓடினாள். யார் செருகியது என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. குச்சியைப் பிடுங்கி எறிந்து, சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். மோட்டார் முனகி நின்றது. "ஏங்க! ஏங்க!" என்று கிணற்றை நோக்கிக் கூப்பிட்டுக்கொண்டே திரும்பி ஓடினாள். எட்டிப் பார்த்தாள், திட்டில் விருமாண்டி பம்பின் மேல் ரத்தத்தோடு அசையாமல் கவிழ்ந்து கிடந்தான்.

வயலிலிருந்து நல்லகாமன் சந்தோஷமாகக் குரல் கொடுத்தான்.

"ஏந்தங்கச்சி நிறுத்திட்ட? தண்ணி இன்னும் வாய்க்காலுக்கே வரல! குச்சி கீழ கெடந்துச்சேன்னு நாந்தாம்மா வச்சுட்டு வந்தேன். போடும்மா, கரண்டு போயிறப் போகுது!"